பூப்பந்தில் சர்வீஸ்: உடலைக் கட்டும் விதி

சிலாங்கூர் மாநிலத் தலைநகராகிய ஷா ஆலமில், செத்தியா சிட்டி மாநாட்டு மண்டபத்தில், ஆசியக் குழுப் பூப்பந்துப் போட்டிகள் 2022ஆம் ஆண்டிலும் 2024ஆம் ஆண்டிலும் நடைபெற்றன. இந்திய மகளிர் குழு முதன்முறையாக ஆசியக் குழுப் பட்டத்தை வென்றது 2024 பிப்ரவரியில் அம்மண்டபத்தில்தான். இத்தகைய போட்டிகளைக் காணச் செல்வோரின் கண்கள், துள்ளி எழுந்து அடிக்கும் 'ஸ்மேஷ்' அடியையே பெரும்பாலும் நாடுகின்றன. ஆனால் வலைக் கம்பத்துக்கு அருகே, தாழ்ந்த இருக்கையில், ஒருவர் அசையாது அமர்ந்திருப்பதைக் கூர்ந்து நோக்குவோர் காணலாம். ஆட்டத்தின் எஞ்சிய பகுதியைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. ஆட்டத்தைத் தொடங்கும் முதல் அடி, அதாவது சர்வீஸ், முறைப்படி அடிக்கப்பட்டதா என்பதைப் பார்ப்பது ஒன்றே அவர் பணி. சர்வீஸ் நடுவர் என்பது அவர் பெயர்.

ஓர் அடியை மட்டும் கண்காணிக்கத் தனியே ஒரு நடுவர் வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டும் என்பதற்குத் தக்க காரணம் உண்டு. பூப்பந்தில் மற்றெந்த அடிக்கும் உடல் எவ்வாறு நிற்க வேண்டும் என்று விதி வகுக்கப்படவில்லை. ஆட்டக்காரர் தாவலாம், தரையில் விழுந்தபடி எடுக்கலாம், முதுகுக்குப் பின்னாலும் அடிக்கலாம். சர்வீசில் மட்டும் கால் எங்கே இருக்க வேண்டும், பந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், பந்தின் எப்பகுதியில் மட்டை முதலில் பட வேண்டும், கை இடையில் நிற்கலாமா என்பன எல்லாம் எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன. ஆதலின் இங்கே உடல்நிலையைப் பற்றிய ஆராய்ச்சி விதியைப் பற்றிய ஆராய்ச்சியாகவும் ஆகிவிடுகிறது. ஒன்றை விட்டு மற்றொன்றை விளக்க இயலாது.

பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழகத்தில் 'பூப்பந்து' என்றால், தஞ்சை அரச குடும்பத்தினர் ஆடத் தொடங்கியதாகக் கூறப்படும் கம்பளிப் பந்து ஆட்டத்தையே பலர் நினைப்பர். மலேசியத் தமிழர் வழக்கில் அச்சொல் இறகு பொருத்திய தக்கையைக் கொண்டு ஆடும் ஆட்டத்தையே குறிக்கும். இங்குப் பேசப்படுவது பின்னதே.

டென்னிசுடன் ஓர் ஒப்பீடு

'சர்வீஸ்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்குப் பணிவிடை என்பது பொருள். பந்தை எதிரிக்கு எடுத்துக் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கி வைப்பது என்ற கருத்து அதில் அடங்கியிருக்கிறது. டென்னிஸ் ஆட்டத்தில் இப்பணிவிடை நாளடைவில் பாணமாக மாறிவிட்டது. பூப்பந்திலோ அது இன்னும் பணிவிடையாகவே இருக்கிறது. வேறுபாட்டுக்குக் காரணம் சிறிது கணக்குப் போட்டால் விளங்கும்.

டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். வலை நடுவில் 0.914 மீட்டர் உயரம். சர்வீஸ் பந்து வலைக்கு அப்பால் 6.40 மீட்டருக்குள் விழ வேண்டும். பின்கோட்டிலிருந்து ஒரு நூல் கட்டி, வலையின் நடு உச்சியைத் தொட்டுக்கொண்டு, அந்த 6.40 மீட்டர் கோட்டில் முடியுமாறு இழுத்தால், நூலின் மறுமுனை தரையிலிருந்து ஏறத்தாழ 2.61 மீட்டர் உயரத்தில் இருக்கும். அதற்குக் கீழிருந்து அடிப்பவர், புவியீர்ப்பின் உதவியையும் பந்தின் சுழற்சியையும் நம்பியே பந்தைக் களத்துக்குள் இறக்க வேண்டும். அதற்கு மேலிருந்து அடிப்பவருக்கு நேர்கோடே வழிவிடுகிறது. எனவேதான் டென்னிஸ் ஆட்டக்காரர் முழங்காலை மடக்கி, முதுகை வில்லாக வளைத்து, இடுப்பிலும் தோளிலும் பிறக்கும் திருப்பத்தைக் கைக்கு அனுப்பி, உடல் முழுவதையும் மேல்நோக்கி நீட்டுகிறார். கால் கொடுக்கும் விசை இடுப்புக்கும், இடுப்பு கொடுப்பது தோளுக்கும், தோள் கொடுப்பது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் ஏறுகிறது. ஒவ்வொரு மூட்டும் தனக்கு முன்னதை விட விரைவாகச் சுழல்கிறது. இத்தொடரில் ஒரு கண்ணி அறுந்தாலும் வேகம் குறைந்துவிடும். உயரமானவருக்கு இங்கே இயற்கையே நண்பன். பிழைத்தால் இரண்டாம் வாய்ப்பும் உண்டு.

சர்வீஸ் வலுவில்லாமலே டென்னிசில் உயர முடியாதா எனின், முடியும் என்பதற்குச் சென்னையைச் சேர்ந்த இராமநாதன் கிருஷ்ணனே சான்று. அவருடைய சர்வீஸ் மென்மையானது. ஆயினும் 1960ஆம் ஆண்டிலும் 1961ஆம் ஆண்டிலும் விம்பிள்டன் அரையிறுதிவரை அவர் சென்றார். பந்தை வைக்கும் இடமறிந்து வைக்கும் நுட்பம் அவரை அங்குக் கொண்டு சென்றது. அவ்விரு அரையிறுதிகளிலும் அவரை வென்ற நீல் பிரேசரும் ராட் லேவரும் இடக்கையால் சர்வீஸ் அடிப்பவர்கள் என்பதையும் மறத்தற்கில்லை.

இனிப் பூப்பந்துக்கு வருவோம். வலை நடுவில் 1.524 மீட்டர் உயரம். சர்வீஸ் அடிக்கும் நொடியில் பந்து முழுவதும் 1.15 மீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது சர்வதேசப் போட்டிகளின் இன்றைய விதி. ஆகவே எவ்வளவு திறமையுடையவரும் பந்தைக் குறைந்தது 37 சென்டிமீட்டராவது மேலே ஏற்றித்தான் வலையைத் தாண்டச் செய்ய முடியும். டென்னிசில் மேலிருந்து கீழே வருவது இங்கே கீழிருந்து மேலே போகிறது. கீழிருந்து ஏறும் பந்து தாக்குதலுக்கு ஏற்ற பந்து. இரண்டாம் வாய்ப்பும் இல்லை. ஒரு பிழை செய்தால் அடுத்தவருக்கு ஒரு புள்ளி.

இந்தக் கடைசிச் செய்தி 2006ஆம் ஆண்டில்தான் உறுதியாயிற்று. அதற்கு முன் சர்வீஸ் உடையவரே புள்ளி பெற முடியும்; பிழைத்தால் சர்வீஸ் உரிமை மட்டும் போகும். அனைத்துலகப் பூப்பந்துக் கூட்டமைப்பு 2005ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரிலிருந்து கோலாலம்பூருக்குத் தன் தலைமையகத்தை மாற்றிக்கொண்டது. மறு ஆண்டில் எவர் சர்வீஸ் அடித்தாலும் அடிக்கு அடி புள்ளி என்னும் 21 புள்ளி முறை வந்தது. இம்மாற்றத்துக்காக முன்னின்று பாடுபட்டவர் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். 1971ஆம் ஆண்டில் இங் பூன் பீயுடன் சேர்ந்து அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றவர் அவர். அம்மாற்றத்துக்குப் பின் சர்வீஸ் ஒரு உரிமையாக இல்லாமல், பெரிதும் ஒரு பொறுப்பாகவே ஆகிவிட்டது.

விதிக்குள் நிற்கும் உடல்

சர்வீசில் இருவகை உண்டு. இரட்டையர் ஆட்டத்தில் வலையை ஒட்டித் தாழ்வாகச் செல்வது ஒன்று. ஒற்றையர் ஆட்டத்தில் பின்கோட்டில் செங்குத்தாக விழுமாறு உயர எழுப்புவது மற்றொன்று.

உயர் சர்வீசில் டென்னிஸ் உடலின் சாயலைச் சிறிது காணலாம். வலக்கையர் இடக்காலை முன்வைத்து, பக்கவாட்டில் திரும்பி நின்று, எடையைப் பின்காலில் வைத்துக்கொள்கிறார். இடக்கை பந்தை விட்டதும் மட்டை கீழிருந்து பெருவட்டமாக வருகிறது. இடுப்பு திரும்புகிறது, எடை முன்காலுக்கு மாறுகிறது. இங்கேதான் விதி குறுக்கிடுகிறது. சர்வீஸ் தொடங்கியது முதல் பந்து அடிபடும்வரை இரு பாதங்களிலும் ஏதேனும் ஒரு பகுதி நகராமல் தரையில் இருக்க வேண்டும். பின்காலின் குதி எழலாம், விரல் எழக்கூடாது, இழுபடவும் கூடாது. எடை மாறும் வேகத்தில் பின்காலை இழுத்துக்கொண்டு போவது புதிதாக ஆடுவோரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழை. எடையை முன்னே 'தள்ளாமல்', இடுப்பைத் 'திருப்பினால்' இப்பிழை நேராது. ஆடவர் ஒற்றையரில் இவ்வுயர் சர்வீஸ் இப்போது அருகிவிட்டது. பின்கோட்டில் இறங்கும் பந்தையும் தாவியடித்துத் தாக்கும் வலிமை எதிரிகளுக்கு வந்துவிட்டதே காரணம்.

தாழ் சர்வீசில் உடல் ஏறத்தாழச் சிலை. வலையிலிருந்து 1.98 மீட்டரில் உள்ள முன்கோட்டை ஒட்டி, அதை மிதியாமல், ஒருவர் நிற்கிறார். வலக்கையர் பலர் வலக்காலை முன்வைத்து எடையை அதன்மேல் சாய்ப்பர். மட்டையைப் புறங்கை வாட்டத்தில், பிடியைச் சற்று மேலேறிப் பற்றி, கட்டைவிரலை அகன்ற பக்கத்தில் ஊன்றுவர். இடக்கையின் இரு விரல்கள் பந்தின் இறகு நுனியைப் பிடித்திருக்கும். பந்து உடலைவிட்டுச் சற்று முன்னே இருக்கும்; முழங்கை உயர்ந்திருக்கும். பிறகு ஒரு சிறு தள்ளல். அதை அடி என்று சொல்வதற்கில்லை. தோளும் இடுப்பும் அதில் பங்கு கொள்வதில்லை. முன்கையும் விரல்களும் மட்டுமே வேலை செய்கின்றன.

பந்தின் பாதையின் உச்சி எங்கே அமைகிறது என்பதே இதன் உயிர்நிலை. உச்சி வலைக்கு இப்பால், அடித்தவர் பக்கமே அமைந்துவிட்டால், வலையைத் தாண்டும்போது பந்து இறங்கத் தொடங்கியிருக்கும். உச்சி வலைக்கு அப்பால் போய்விட்டாலோ, எதிரி ஏறும் பந்தை வலை உயரத்துக்கு மேலேயே சந்தித்துக் கீழே அடித்துவிடுவார். எதிரியும் தம் பக்கத்து முன்கோட்டை ஒட்டி மட்டையை உயர்த்திக்கொண்டு நிற்பவர். இருவருக்கும் இடையே ஏறத்தாழ நான்கு மீட்டர் தொலைவுதான். சில சென்டிமீட்டர் பிழையும் புள்ளியை இழக்கச் செய்யும்.

அவர் முன்னோக்கிப் பாய்வதைத் தடுக்க ஒரு வழி உண்டு. அதே நிலை, அதே தள்ளல். கடைசி நொடியில் மணிக்கட்டை மட்டும் சொடுக்கி, பந்தை எதிரியின் தலைக்கு மேலே பின்னால் அனுப்புவது. இது பலிப்பதற்கு, அதுவரையிலும் உடல் எந்த வேறுபாட்டையும் காட்டாதிருக்க வேண்டும். மட்டை பின்னே சென்று நின்று தயங்குவதையும், முன்னே வரத் தொடங்கியபின் இடையில் நிறுத்தி ஏமாற்றுவதையும் விதி தடுக்கிறது. ஏமாற்று வேலை அனைத்தும் தொடர்ந்த ஒரே அசைவுக்குள் நடந்தாக வேண்டும்.

பந்திங்கில் வளர்ந்த 'எஸ்' சர்வீஸ்

இவ்வாறு கட்டுண்ட ஓர் அடியை ஆயுதமாக்கிய பெருமை ஷா ஆலமுக்குத் தெற்கே, அதே சிலாங்கூர் மாநிலத்தில் உள்ள பந்திங் வட்டாரத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்துக்கு உரியது. தந்தை முகமது சிடேக் தம் ஐந்து புதல்வர்களையும் பூப்பந்து ஆட்டக்காரர்களாக வளர்த்தார். மிஸ்புன், ரசீப், ஜைலானி, ரஹ்மான், ரஷீத் என்பது அவர்கள் பெயர். இவர்களுள் ரசீப்பும் ஜைலானியும் 1992ஆம் ஆண்டு பார்சிலோனாவில் மலேசியாவுக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்தனர்.

அதற்கு ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்கு முன்னரே சிடேக் சகோதரர்களின் பெயரை உலகெங்கும் பரப்பியது 'எஸ்' சர்வீஸ். இதன் நுட்பத்தை அறியப் பந்தின் இயல்பை அறிய வேண்டும். இறகுப் பந்தின் எடை 4.74 முதல் 5.50 கிராம்வரை. அவ்வெடையில் பெரும்பகுதி தக்கையில் இருக்கிறது. 16 இறகுகளும் காற்றை எதிர்த்துப் பின்னே இழுக்கின்றன. கனம் முன்னும் இழுப்புப் பின்னுமாக அமைந்திருப்பதால் பந்து எப்படி எறியப்பட்டாலும் தக்கை முன்னே வருமாறு தானே திரும்பிக்கொள்கிறது. வழக்கமான அடியில் மட்டை தக்கையில் படுகிறது. கண் இமைக்கும் முன் பந்து புரண்டு, தக்கை முன்னாகி, நேராகச் செல்கிறது. எதிரி அதன் பாதையை முன்கூட்டியே கணிக்க முடிவது இந்த ஒழுங்கினால்தான்.

சிடேக் சகோதரர்கள் தக்கையை விட்டு இறகுகளின்மேல் மட்டையை உரசினர். விசை இறகில் பக்கவாட்டாகப் பட்டதும் பந்து தாறுமாறாகச் சுழன்றது. தக்கை முன்னே வருவதற்குள் பல தடுமாற்றங்கள். திறந்த களத்தில் நீண்ட தூரம் செல்லும் பந்தாயின் அத்தடுமாற்றம் அடங்கிவிடும். சர்வீசில் பயணம் நான்கு மீட்டர். பந்து அடங்குவதற்குள் எதிரியிடம் வந்து சேர்ந்துவிடுகிறது. அசைந்து, வளைந்து, திடீரென விழும் பந்தைத் தூக்கிக் கொடுப்பதன்றி எதிரிக்கு வேறு வழி அரிதாயிற்று. ரசீப்பும் ஜைலானியும் 1982ஆம் ஆண்டில் அகில இங்கிலாந்து இரட்டையர் பட்டத்தை வென்றது இச்சர்வீஸ் உலகைக் கலக்கிய அக்காலத்தில்தான்.

அனைத்துலகக் கூட்டமைப்பு அதைத் தடை செய்தது. சர்வீஸ் அடிப்பவரின் மட்டை முதலில் பந்தின் தக்கையில் பட வேண்டும் என்று விதியில் சேர்க்கப்பட்டது. 'முதலில்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். தக்கையில் பட்டபின் இறகில் உரசுவதை விதி தடுக்கவில்லை.

இத்தடை முறையானதா? சகோதரர்கள் செய்தது அன்றிருந்த விதிக்கு முரணானதன்று. குடும்பத்தின் உழைப்பில் வளர்ந்த ஒரு கலையை ஒரு வரியில் அழித்துவிட்டார்கள் என்ற வருத்தம் மலேசியாவில் பலருக்கு உண்டு, அவ்வருத்தம் நியாயமானதும்கூட. ஆயினும் தடை தவறன்று என்றே கொள்ள வேண்டும். எல்லாரும் அதைக் கற்றுக்கொண்டிருந்தால் முதல் அடியிலேயே புள்ளி முடிந்திருக்கும். அடுத்து வரும் இருபது, முப்பது அடிகளில்தான் பூப்பந்தின் அழகு இருக்கிறது. சகோதரர்கள் அந்த ஆயுதத்தை இழந்த பின்னரும் பத்தாண்டுக்காலம் உலகின் முன்னணியில் நின்றனர் என்பதே, அவர்களுடைய திறன் ஒரு சர்வீசில் மட்டும் அடங்கியிருக்கவில்லை என்பதைக் காட்டுகிறது.

நாற்பது ஆண்டுகள் கழித்து வரலாறு திரும்பியது. டென்மார்க்கைச் சேர்ந்த மார்க்குஸ் ரிண்ட்ஷோய் என்பவர் 2023ஆம் ஆண்டில் பந்தை விடும்போதே விரல்களால் சுழற்றிவிட்டு, பிறகு தக்கையில் அடித்தார். விதியின் சொல்லுக்கு அவர் மாறு செய்யவில்லை. பந்து மட்டும் மீண்டும் தடுமாறத் தொடங்கியது. அவ்வாண்டு மே மாதத்தில் கூட்டமைப்பு அதையும் தற்காலிகமாகத் தடை செய்து, பின் அத்தடையை நீட்டித்தது. பந்திங்கில் மட்டை செய்த வேலையை இங்கே விரல் செய்தது, வேறுபாடு அவ்வளவே.

விலா எலும்பா, அளவுகோலா?

'எஸ்' சர்வீசைப் பற்றி எழுந்த ஆரவாரத்தில், அதைவிடப் பழைய ஒரு அநீதி நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பந்து இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதே பழைய விதி. இடுப்பு எது என்பதற்கு, உடலின் கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்தைச் சுற்றிக் கற்பனையாக வரைந்த கோடு என்று விளக்கம் தந்தனர். சட்டைக்குள் மறைந்திருக்கும் எலும்பைச் சில மீட்டர் தொலைவிலிருந்து சர்வீஸ் நடுவர் எவ்வாறு காண்பார்? ஊகம்தான். ஒரே சர்வீசை ஒரு நடுவர் ஏற்பார். மற்றொருவர் பிழை என்பார். இக்கட்டான கட்டத்தில் பிழை கூறப்பட்ட ஆட்டக்காரருக்கு அதன்பின் கை நடுங்காதிருப்பது அரிது.

இதில் மற்றொரு குறையும் இருந்தது. ஆறடி மூன்றங்குல உயரமுடையவரின் கடைசி விலா எலும்பு 1.20 மீட்டரைத் தாண்டியே இருக்கும். ஐந்தடி உயரமுடையவருக்கு அது ஒரு மீட்டரை ஒட்டியே அமையும். முன்னவர் பந்தை ஏறக்குறைய 30 சென்டிமீட்டர் ஏற்றினால் வலையைத் தாண்டலாம். பின்னவர் 52 சென்டிமீட்டர் ஏற்ற வேண்டும். உயர ஏற ஏறப் பாதை வளையும். வளைந்த பாதை எதிரிக்கு அவகாசம் தரும். உயரமானவருக்கு 'ஸ்மேஷ்' அடியில் இயற்கை தந்த மிகுதி போதாதென்று, சர்வீசிலும் விதி ஒரு மிகுதியைச் சேர்த்துத் தந்தது. ஆசிய நாட்டவரிடையே, குறிப்பாக மகளிரிடையே, குள்ளமான ஆட்டக்காரர்கள் பலர் உண்டு என்பதை எண்ணினால் இதன் விளைவு விளங்கும்.

2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இதற்கு முடிவு தேடப்பட்டது. ஆளுக்கு ஓர் எலும்பு என்பதை விட்டு, அனைவருக்கும் தரையிலிருந்து 1.15 மீட்டர் என்று சோதனையாக நிறுவினர், அதுவே நிலைத்தது. கோடுகள் இடப்பட்ட இரண்டு கண்ணாடித் தகடுகளை ஒரு நிலைத்தாங்கியில் நிறுத்தி, இரு கோடுகளும் ஒன்றாகத் தெரியுமாறு கண்ணை வைத்து நடுவர் நோக்குகிறார். பந்து அக்கோட்டுக்கு மேலே தெரிந்தால் பிழை. உயரமானவர்கள் முணுமுணுத்தனர். முழங்காலை மடக்கியோ கையைத் தாழ்த்தியோ அவர்கள் தங்கள் நீண்டநாள் பழக்கத்தை மாற்ற வேண்டியதாயிற்று. உடல்நிலை மாறினால் தள்ளலின் அளவும் மாறும்; கட்டைவிரலுக்குப் பழகிய உணர்வை மீண்டும் கற்க வேண்டும். அவர்கள் துன்பம் மெய்யே. ஆயினும் முன்னர் அத்துன்பத்தைக் குள்ளமானவர் ஆண்டுக்கணக்கில் வாய்திறவாமல் அனுபவித்தனர்.

இன்னும் சிலர் வேறொரு தடை கூறுவர்: உயரம் ஒன்றே என்றால், ஐந்தடி ஆளுக்கு 1.15 மீட்டர் மார்பளவு ஆகிவிடுமே, அது கீழிருந்து அடிக்கும் சர்வீஸ் ஆகுமா என்பது. மார்பளவில் பிடித்தாலும் அது வலைக்கு 37 சென்டிமீட்டர் கீழேதான். தாக்கும் அடியைத் தடுப்பதே விதியின் நோக்கமாகையால், அளவு எடுக்க வேண்டியது வலையைக் கொண்டேயன்றி மனித உடலைக் கொண்டன்று.

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் மாலை வேளைகளில் கூடம் வாடகைக்கு எடுத்து ஆடுவோரிடம் இக்கருவி இராது. சர்வீஸ் நடுவரும் இரார். ஆயினும் வழியில்லாமல் போகவில்லை. வலைக் கம்பத்தின் விதிப்படியான உயரம் 1.55 மீட்டர். உச்சியிலிருந்து சரியாக 40 சென்டிமீட்டர் கீழே அளந்து, வெள்ளை நாடாத் துண்டு ஒன்றைக் கம்பத்தில் ஒட்டினால் அதுவே 1.15 மீட்டர். ஒருவர் கம்பத்தருகே தாழ்ந்து அமர்ந்து, கண்ணை அந்நாடாவின் மட்டத்தில் வைத்துக்கொண்டு, மற்றவரைப் பத்து முறை சர்வீஸ் அடிக்கச் சொல்லட்டும். பந்தைப் பிடித்திருக்கும்போது அன்று, மட்டை தொடும் அந்த நொடியில் அது எங்கே இருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். பின்னர் பாதங்களைப் பார்த்துப் பத்து முறை.